வீடா, விடுதியா?

அப்பாவின் மைக்குக்கென்று ஒரு வாசனை உண்டு. துருவும் வெற்றிலையும், அதில் பேசிவிட்டுப் போன எத்தனையோ பேருடைய மூச்சும் சேர்ந்த வாசனை. திருவாரூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் அவரை "மைக்செட்" சவரி என்றுதான் சொல்வார்கள். எந்த ஊரில் கூட்டம் நடந்தாலும் மேடைக்குக் கீழே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாராயக் கடை வேண்டுமா, வரதட்சணை ஏன் ஒழியவில்லை, வெளிநாட்டுச் சம்பாத்தியம் நல்லதா என்று ஊர் உலகத்து வழக்கையெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அம்மா இல்லாத எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

நான் எட்டாவது படித்த வருஷம் காணும் பொங்கலுக்கு, அறுப்பு முடிந்த வயலில் பட்டிமன்றம் வைத்தார்கள். மூன்று மணி வெயில் வைக்கோல்மேல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. "பெண்பிள்ளை படிப்புக்கு ஏற்றது வீடா, விடுதியா?" என்பது தலைப்பு. வீட்டு அணியில் பேசவேண்டியவர் ஒருவர் வரவில்லை. விழாக் கமிட்டிப் பையன்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சவரிண்ணே, நீங்க கேக்காத பட்டிமன்றமா? ஏறுங்க."

"ஐயையோ, ஆள விடுங்கடா. எந்தப் பக்கம் பேசணும்?"

"காலியா இருக்குறது வீடுதாண்ணே."

ஏறினார். மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "ஹாஸ்டலுக்குப் போனா அவளுக்கு அங்க சோறு கெடைக்குங்க. வீட்டுல நான் யாரு மூஞ்சியப் பாத்து சாப்புடுறது, சொல்லுங்க?" பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அதன்பின் எழுந்த கைதட்டலில் கொக்குகள் வாய்க்கால் கரையிலிருந்து கிளம்பிப் போனது கனவுபோல இன்னும் தெரிகிறது. எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியது நான்தான். நடுவர் வீடே என்று தீர்ப்புச் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பள்ளி எட்டாவதோடு சரி. திருவாரூரில் விடுதியில் தங்கி ஒன்பதாவது படிக்க என்னை அனுப்புவதாக, பொங்கலுக்கு முன்பே டீச்சரிடம் அப்பா சொல்லியிருந்தார். கோடை விடுமுறையில் டீச்சர் விண்ணப்பத்தோடு வந்தபோது சந்தோஷமாகத்தான் வாங்கிவைத்தார். மறுநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன சவரி, பொண்ணு ஹாஸ்டலுக்காமே? அப்ப மேடையில பேசுனது நீயா, வேற ஆளா?"

வீட்டில் அவர் தங்கை, என் அத்தை, விடவில்லை. "ஊரே அழுதுச்சுண்ணே. இப்ப நீயே அனுப்புனா நம்மள ஒரு பய மதிப்பானா?"

வெளியூரிலிருந்து வரும் பேச்சாளர்கள் இந்த வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறுபக்கம் பேசுவார்கள். மைக்கை வைத்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அப்பாவுக்கு அது தெரியாததல்ல. ஆனால் பேசியவன் அதே ஊர்க்காரன் என்றால் பேச்சு சத்தியமாகிவிடுகிறது. விண்ணப்பத்தை அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வருஷம் பாப்போம் டீச்சர்" என்றாராம்.

அடுத்த வருஷம் வரவில்லை. நாலு வருஷம் வீட்டில் இருந்தேன். பிறகு தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. தங்குவதற்குக் கடைக்காரர்களே விடுதி வைத்திருந்தார்கள். அப்பாதான் பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார். டீக்கடையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போகிற பிள்ளை விடுதியில் தங்குவதற்கு எந்த ஊரிலும் பட்டிமன்றம் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

போன ஐப்பசி மழையில் அப்பா போய்விட்டார். இந்தப் பொங்கலுக்கு ஊரில் மேடை போடவில்லை. அவரவர் போனில் யார் யாரோ சத்தம் போட்டு விவாதம் செய்கிறார்கள். பேசுகிறவர்களுக்கு மகள் உண்டா, அவள் என்ன படிக்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வயல் மட்டும் அறுத்துப்போட்டபடி, மஞ்சள் வெயிலில் சும்மா கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் ஒருநாள், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பாப்பா, அன்னிக்கு நான் பேசுனது தப்பாம்மா?"

"ரொம்ப நல்லா பேசுனீங்கப்பா" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதையல்ல.