மலைப் பிள்ளைக்கு வலிக்காதாம்

மலைப் பிள்ளைகளுக்கு வலி தெரியாது என்று கீழேயிருந்து வேலைக்கு வந்த எங்களில் யார் முதலில் சொன்னார்களோ, இன்றைக்கும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தேன். விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, கட்டுப் போடும் அறையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். மரவள்ளிக் கிழங்கு வேகவைத்த தண்ணீரை வடிக்கும்போது வலது கையில் கொட்டிவிட்டதாம். தினமும் கட்டு மாற்ற வருகிறாளாம். அவளுடைய அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு, காய்ந்து புண்ணோடு ஒட்டிய துணியை உரிக்கத் தயாரானார் சீனியர் நர்ஸ்.

"இதுக அழாதுங்க. மலைப் புள்ளைக கெட்டி. நம்மூர்ப் புள்ளைகன்னா இந்நேரம் ஊரக் கூட்டியிருக்கும்" என்றார் பெருமையாக.

நான் அவளுடைய இடது கையைப் பார்த்தேன். துணியைத் தொடும் முன்பே அது இறுக மூடியிருந்தது. விரித்தால் உள்ளங்கை முழுக்க நகம் பதிந்த தடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலிக்கு மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டேன். அழாத பிள்ளைக்கு எதற்கு, தினமும் கொடுத்தால் பழகிவிடும் என்றார். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. வருகிற குழந்தைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பவர். தெரியாத ஒன்றை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எங்கேதான் கற்றாரோ!

டாக்டரிடம் போய்க் கேட்டேன்; அவரும் பிள்ளை அழவில்லையே என்றுதான் சொன்னார். அவளுடைய உள்ளங்கையைக் காட்டிய பிறகு மருந்து எழுதிக்கொடுத்தார். எடை பார்த்து, பாராசிட்டமால் சிரப்பை அளந்து கொடுத்தேன். மருந்து பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றதும் சீனியர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்ப சோளக்காடு போகிற பஸ் போய்விடுமே என்று அம்மா தயங்கினாள். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று சொல்லி, அவளை உள்ளே கூப்பிட்டு மகள் பக்கத்தில் உட்காரவைத்தேன். பிறகு புண் கழுவும் உப்புநீரை ஊற்றி, துணி நன்றாக ஊறியதும் மெல்ல எடுத்தேன். இடது கை அம்மாவின் மடியில் விரிந்தே கிடந்தது.

"வலிக்குதா கண்ணு?"

"கொஞ்சந்தானுங்க." சிரப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏனுங்க சிஸ்டர், இந்த மருந்து நேத்து இல்லீங்களா?" என்றாள்.

பஞ்சும் கட்டுத்துணியும் இருக்கும் அதே அலமாரியில்தான் அது இருந்தது. சீனியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருந்துச்சு கண்ணு" என்றேன், அவர் காதில் நன்றாக விழும்படி.