நைனாவின் கயிறும் ஒரு தீப்பெட்டியும்

எங்கள் நைனா நிலம் அளந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆர்.கே.பேட்டை பக்கம் எங்கள் ஊர். ஆந்திரா எல்லை கிட்டத்தில் என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் யார் பாகம் பிரித்தாலும் அவர்தான் போக வேண்டும். முடிச்சு போட்ட நைலான் கயிறு ஒன்று வைத்திருந்தார். அதை வரப்பைச் சுற்றிப் பிடிப்பார். இந்தத் துண்டுக்கும் அந்தத் துண்டுக்கும் கயிறு சமமாக வந்தால் பாகமும் சமம், அவ்வளவுதான் கணக்கு. ஊர் வயல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருந்ததால் அந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் எங்கள் நிலத்தையே பிரிக்க வேண்டி வந்தது. வாரிசு அக்காவும் நானும்தான். பொட்டைப் பிள்ளைகளுக்கு எதற்கு நிலம் என்று இழுத்த மாமாவை, "எனுக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டு பாகம்" என்று ஒரே வார்த்தையில் நைனா அடக்கிவிட்டார். அந்த வார்த்தைக்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடலாம். அக்கா ஊரோடு இருந்து அந்த நிலத்தில் நெல் போடுகிறவள். அவள் ஊட்டு அடுப்பு எரிவது அந்த மண்ணை நம்பித்தான். நான் கல்யாணமாகி காக்களூர் வந்தவள். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, மாதமானால் சம்பளம்.

நிலத்தின் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே கால்வாய், தெற்கே வண்டிப்பாதை. பாதி தூரம் இரண்டும் நேராகப் போகும். பிறகு இரண்டும் பேசிவைத்தாற்போல் ஒரே இடத்தில் திரும்பி, வடகிழக்காகச் சாய்ந்து போகும். அந்தத் திருப்பத்தில் நைனா நடுவரப்புக்கு மூங்கில் நட்டார். மேற்கே இருந்தது செவ்வகம். கிழக்கே இருந்தது, பள்ளிக்கூடத்தில் இணைகரம் என்று படித்தோமே, அது. இரண்டையும் கயிற்றால் சுற்றினார். ஒரு முடிச்சுகூடப் பிசகாமல் சமமாக வந்தது. நைனா மீசையைத் தடவிக்கொண்டார்.

பெரியவர் பிரித்தால் சின்னவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் மேற்கு என்று சொன்னால் சாய்ந்த துண்டு அக்காவுக்கு.

"எதுனா எட்துக்கோடி, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

ஒன்றில்லை. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. கம்பெனிக்கு அட்டைப்பெட்டிகள் மடிந்து, தட்டையாக வரும். அவற்றைப் பிரித்து, மூலையைத் தட்டி, நேராக நிமிர்த்திவிட்டுத்தான் சாமான் அடுக்குவோம். பெட்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் கடைசி வரிசை உள்ளே போகாது. அட்டை அதே அட்டைதான், சுற்றளவு அதே சுற்றளவுதான், உள்ளே இடம் மட்டும் குறைந்திருக்கும். நாள் முழுக்கப் பெட்டியை நிமிர்த்துகிறவளுக்கு இது தெரியாமல் போகுமா?

"நைனா, கெழக்கு சின்னதா கீது" என்றேன்.

மாமா சிரித்தார். "கயிறு சமமா வந்துச்சே, நீயும் பாத்துக்கினுதானே இருந்த? கம்பெனிக்குப் போனதும் நைனா அளந்ததே தப்பாப் போச்சா?"

நைனாவின் முகம் இறுகிப்போனது. நாலு பேர் முன்னால் அவர் கயிற்றை அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வந்தது நல்லதாகப் போயிற்று. நைனாவின் சட்டைப்பையில் பீடிக்கட்டோடு இருந்த தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியோடு உள்பெட்டியை உருவி மாமா கையில் கொடுத்தேன். வெளிக்கூட்டை ஒரு பக்கமாக விரலால் அழுத்தினேன். அது சாய்ந்தது.

"அட்டை இன்னா, கொறைஞ்சிட்ச்சா மாமா?"

"இல்ல."

"அப்போ உள்பெட்டியப் போடு."

போகவில்லை. இன்னும் அழுத்தினேன். மேல் அட்டையும் கீழ் அட்டையும் ஒட்டிக்கொண்டன. "சுத்தளவு அப்டியே கீது. எடம் எங்க போச்சு?" என்றேன். மாமா குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நைனா கூட்டை என் கையிலிருந்து வாங்கினார். நிமிர்த்தினார், சாய்த்தார், மறுபடி நிமிர்த்தினார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். பிறகு கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "சுத்த வேணாம்மா. குறுக்கால புடி" என்றார்.

சாய்ந்த பாதையோரமாகப் போகாமல், நடுவரப்பிலிருந்து கிழக்கு வரப்புக்கு நேர்க்குறுக்காகப் பிடித்தோம். பாதையோர நீளத்துக்கு எடுத்த கயிறு மிஞ்சியது. மேற்கே பிடித்தோம், அகலம் கூடுதல். நடுவரப்பும் இரண்டு ஓர வரப்புகளும் ஒரே நீளம்தான், ஆகவே அகலத்தில் குறைந்தது எல்லாம் நிலத்தில் குறைந்தது. நைனா இரண்டு அகலத்தையும் சேர்த்துப் பாதியாக்கினார். தான் நட்ட மூங்கிலைத் தானே பிடுங்கி, மேற்கே தள்ளி நட்டார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா இருந்தா உனுக்குத்தானேடி லாபம்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

வழக்கப்படி மறுபடியும் நான்தான் முதலில் எடுக்க வேண்டும். கிழக்கு என்றேன். அளவு ஒன்றானாலும் டிராக்டர் திருப்ப மேற்குதான் தோது. உழப்போகிறவள் அவள்.

நைனாவை இப்போதும் பாகம் பிரிக்கக் கூப்பிடுகிறார்கள். போனதும் தீப்பெட்டிக் கூட்டை எடுத்துச் சாய்த்துக் காட்டுவாராம். "என் சின்னப் பொண்ணு என் கயித்தையே தப்புன்னு காட்டுனா" என்று ஆரம்பித்துவிட்டுத்தான் அளக்கவே இறங்குவாராம். டாக்டர் சொல்லி பீடியை விட்டுவிட்டார். தீப்பெட்டி மட்டும் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.