ஆளுக்குப் பாதி பனிவண்டி

வால்மோர் மரம் அறுக்கும் மில்லில் ரம்பங்களுக்குச் சாணை பிடித்தவர். சேன்-ஜான் ஏரிக்கரையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளைகளை ஆளாக்கி, ஓய்வும் பெற்றார். அவரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஆனால் நவம்பரில் பனி விழுந்து தரையில் தங்க ஆரம்பித்ததும் அவர் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். முதலில் இருமல், பிறகு படபடப்பு, பிறகு சீரான உறுமல். அவரைக்கொட்டைச் சூப்பைக் கிளறிக்கொண்டிருக்கும் பெண்கள் கரண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுச் சொல்வார்கள்.

"வால்மோர் இஞ்சினை எழுப்பிட்டான். இனிமே குளிர்தான்."

வேடிக்கை என்னவென்றால், அந்த இஞ்சினுக்கு வண்டி கிடையாது. மரமேசை ஒன்றில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். புகை போக, சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டிருந்தார். வண்டி, நாலு வீடு தள்ளியிருந்த ஓசியாஸின் கொட்டகையில் கிடந்தது. ஓசியாஸ் அவருடைய மச்சான், மனைவி ஃபெர்னாந்தின் அண்ணன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் இரண்டு பேரும் பாதிப்பாதி பணம் போட்டு வாங்கிய பனிவண்டி அது, முன்னால் சறுக்குக்கட்டையும் கீழே ரப்பர்ப் பட்டையும் கொண்டது. நீல நிறம். ஒரே சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். ஒரு வாரம் வால்மோருக்கு, ஒரு வாரம் ஓசியாஸுக்கு. ஓசியாஸ் காட்டில் மரம் வெட்டுகிறவன், ஆள் தடி, குரலும் தடி. வால்மோர் ஒல்லி. கை சுத்தமான வேலைக்காரர். ஓட்டுவது ஓசியாஸுக்குப் பிடிக்கும், பிரித்து மாட்டுவது வால்மோருக்குப் பிடிக்கும். அதனால் கூட்டு நன்றாகவே போனது.

அந்த வருஷங்களை நினைத்தால் வால்மோருக்கு முதலில் ஞாபகம் வருவது வாசனைதான். பெட்ரோலோடு கலந்து எரிந்த எண்ணெயின் நீலப் புகை, ஈரக் கம்பளிக் கையுறை, ஃபெர்னாந்தின் தலைமுடி. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உறைந்த ஏரியின் மேல் போவார். பாதி வழியில் இஞ்சின் நின்றுவிடும். நின்றே தீரும். அவள் கோட்டுப் பைக்குள் ஒரு ஸ்பார்க் பிளக்கைச் சூடாக வைத்திருப்பாள். அவர் கரி பிடித்த பிளக்கைக் கழற்றி அவளிடம் தந்துவிட்டுச் சூடானதை வாங்கி மாட்டுவார். "என்னைக் கட்டிக்கிட்டது இதுக்குத்தானா?" என்று கேட்பாள். காற்று கன்னத்தைக் கீறும். அவருக்குக் குளிராது.

எழுபத்தாறு பிப்ரவரியில் எல்லாம் கெட்டது. ஃபெர்னாந்துக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. அது ஓசியாஸின் வாரம். சனிக்கிழமை சாயங்காலம் பனிப்புயலில் ரோடு மூடிவிட்டது, அவளுக்கு வலி எடுத்துவிட்டது. வால்மோர் இடுப்பளவு பனியில் விழுந்து எழுந்து ஓசியாஸ் வீட்டுக்குப் போனார். வண்டி இல்லை, ஆளும் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு நடன விருந்துக்குப் போயிருந்தான். மகள் மிரேல் சமையலறையில் பிறந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கை கொடுத்தாள். தாயும் பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் ரத்தம் நிற்காமல் போன அந்த ஒரு மணி நேரத்தை வால்மோர் மறக்கவில்லை.

மறுநாள் ஓசியாஸ் சிரித்துக்கொண்டே வண்டியில் வந்து இறங்கினான். முற்றத்தில் இருவரும் போட்ட சண்டையில், மாதா கோயிலில் உள்ள பாத்திரம் பண்டம் ஒன்று விடாமல், அந்த ஊர் வழக்கப்படி, வசவாக வந்து விழுந்தது.

கடைசியில் ஜன்னலைத் திறந்து ஃபெர்னாந்து கத்தினாள். "பாதிப்பாதிதானே? பிரிச்சுக்கிட்டுப் போங்க! புள்ள தூங்கணும்!"

வால்மோர் ஸ்பேனர் எடுத்துவந்து இஞ்சினைக் கழற்றினார். ஓசியாஸ் மிச்சத்தைக் கயிறு கட்டி இழுத்துப் போனான்.

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரே மேசையில்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் இறைச்சிப் பணியாரத் தட்டு ஆவி பறக்கும்.

"ஃபெர்னாந்து, உன் அண்ணன்கிட்ட உப்பைத் தள்ளச் சொல்லு."

"தங்கச்சி, உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு, கை நீளம்தானே, எட்டி எடுத்துக்கட்டும்."

"நான் என்ன டெலிபோன் கம்பியா?" என்பாள் அவள்.

இஞ்சினை மட்டும் வால்மோர் கைவிடவில்லை. வருஷா வருஷம் பொறி தரும் பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைப்பார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதுவார். விசிறியின் இதழ்களைத் துடைப்பார். மேலே ஆணியில் ஒரு டப்பாவைத் தொங்கவிட்டுப் பெட்ரோலை நேராகக் கார்புரேட்டருக்கு விட்டு ஓட்டுவார். எதற்கு என்று யாராவது கேட்டால், "சும்மா விட்டா இறுகிடும்" என்பார்.

பிறகு ஒரு ஜனவரியில் ஃபெர்னாந்து காலைக் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் வீட்டை வித்துட்டான். முட்டி முடியலையாம், டவுன்ல முதியோர் இல்லத்துக்குப் போறான். கொட்டகையைக் காலி பண்ண வியாழக்கிழமை பழைய இரும்புக்காரன் வரான்."

வால்மோர் காபியைக் குடித்து முடித்து, தொப்பியை மாட்டி, சறுக்குப்பலகையை இழுத்துக்கொண்டு நாலு வீடு நடந்தார்.

ஓசியாஸ் கொட்டகை வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தான். உள்ளே உத்தரத்திலிருந்து அந்த நீல வண்டி தரையில் படாமல் சங்கிலியில் தொங்கியது. பட்டைக்குள்ளிருந்த சிறு சக்கரங்களில் புதுக் கிரீஸ். ரப்பர்ப் பட்டையில் ஒரு வெடிப்புகூட இல்லை.

"ஏன் தொங்கவிட்டிருக்க?" என்று கேட்டார் வால்மோர். கேட்ட பிறகுதான் நேராகப் பேசிவிட்டது அவருக்கே உறைத்தது.

"தரையில வெச்சா பட்டை இறுகி வெடிச்சிடும் மாப்ள. மாசத்துக்கொரு தரம் கையால சுத்தி விடுவேன்."

வால்மோர் பட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இரும்புக்காரனுக்கு அடுப்பைக் குடு, கட்டிலைக் குடு," என்றார் வால்மோர். "இதை இறக்கு."

அன்று மத்தியானமே வண்டியைச் சறுக்குப்பலகையில் வால்மோர் வீட்டு முற்றத்துக்கு இழுத்துவந்து இஞ்சினை ஏற்றிவிட்டார்கள். ஓட்டைகள் அப்படியே பொருந்தின. வால்மோர் கார்புரேட்டரில் ஒரு மூடி பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. ஃபெர்னாந்து கை தட்டினாள். வண்டி வேலி வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"உன் டேங்க்கு பூரா துரு," என்றார் வால்மோர்.

"என் டேங்க்கை நக்கிப் பாரு, தேன் மாதிரி இருக்கும். உன் இஞ்சின்தான் மேசையில உக்காந்து உக்காந்து சோம்பேறி ஆயிடுச்சு."

பிளக்கைக் கழற்றி இரும்பின் மேல் வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். நீலப் பொறி, குறை சொல்ல முடியாது. ஆனால் பிளக் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. பெட்ரோல் வரவில்லை. டேங்கைக் கழற்றிக் கழுவினார்கள். சுத்தமாகத்தான் இருந்தது. ஓசியாஸ் புருவத்தைத் தூக்கிக் காட்டினான். குழாயை ஊதினார்கள், வடிகட்டியை மாற்றினார்கள். மூடி பெட்ரோல் ஊற்றினால் வேலி வரை ஓடும், நிற்கும். வால்மோருக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் தனியாக வண்டி முன் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு விளங்கியது. மேசையில் டப்பா தலைக்கு மேலே தொங்கியது. பெட்ரோல் தானாக இறங்கியது. வண்டியிலோ டேங்க் கீழே இருக்கிறது, பம்ப் இழுத்து மேலே தர வேண்டும். அந்தப் பம்ப்பை அவர் வருஷா வருஷம் வெளியே பளபளவென்று துடைத்திருக்கிறார். உள்ளே திறந்ததே இல்லை. அது வேலை செய்து முப்பது வருஷமாகிறது.

திருகைக் கழற்றினார். உள்ளேயிருந்த ரப்பர்ச் சவ்வு காய்ந்து, சுருங்கி, தொட்டதும் உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேங்கில் ஏதோ அடைப்பு, எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஊன்றுகோல் பனியில் குத்தும் சத்தம் கேட்டது.

"என்ன மாப்ள, கண்டுபுடிச்சியா?"

"என் பக்கம்தான் கோளாறு," என்று உள்ளங்கையை நீட்டினார்.

ஓசியாஸ் குனிந்து பார்த்தான். கிண்டல் செய்வான் என்று வால்மோர் காத்திருந்தார்.

"என் சங்கிலி ரம்பத்துக்கு வாங்கின சவ்வுத்தாள் ஒண்ணு கிடக்கு," என்றான் அவன். "வெட்டிப் பார்க்கலாம்."

ஃபெர்னாந்தின் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டார்கள். அவள் போட்ட கூச்சலையும் வாங்கிக்கொண்டார்கள். வால்மோர் அளவு வைத்து வெட்ட, ஓசியாஸ் தடித்த விரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்தான். தலையைத் தூக்காமலே பேசினான்.

"அன்னிக்கு நான் ஆடிக்கிட்டுத்தான் இருந்தேன் மாப்ள. வேற காரணம் ஒண்ணும் இல்ல. அவளுக்கு நாள் கிட்டன்னு தெரியும். தெரிஞ்சேதான் போனேன்."

வால்மோர் கத்தரியை நிறுத்தினார். இத்தனை வருஷமும் அவர் காத்திருந்தது ஒரு சாக்குக்கு. சாக்கு வந்திருந்தால் அதோடு சண்டை போட்டிருக்கலாம்.

"யாரோட ஆடின?"

"சிவப்புக் கவுன் போட்டிருந்தா. பேர் மறந்துபோச்சு."

"பூசைக் கிண்ணமே!" என்று திட்டினார் வால்மோர். "என் வயித்துல நெருப்பைக் கட்டிவிட்டுட்டுப் போனவன், பேரையாவது ஞாபகம் வெச்சிருக்கக் கூடாதா?"

ஓசியாஸின் தோள் குலுங்கியது. அழுகிறானா என்று பயந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

இந்தத் தடவை வண்டி வேலியில் நிற்கவில்லை. ஓசியாஸ் முன்னால் உட்கார்ந்தான், முட்டியை மடக்கி ஏறவே ஒரு பாடு. வால்மோர் பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். ஏரியின் மேல் மீன்பிடிக் குடிசைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். புது வண்டிகள் சீறிக்கொண்டு தாண்டிப் போயின. நீலப் புகை முகத்தில் அடித்தது. வால்மோர் அதை வேண்டுமென்றே நெஞ்சு நிறைய இழுத்தார்.

"இடதுபக்கம் இழுக்குது!" என்று ஓசியாஸ் கத்தினான்.

"உன் கனம் அப்படி!"

மார்ச்சில் ஓசியாஸ் டவுனுக்குப் போய்விட்டான். போன இடத்தில் பக்கத்து அறைக்காரர் காது கேட்காதவர், சூப்பில் உப்பில்லை, நர்ஸ்கள் சீட்டாட வருவதில்லை என்று தினமும் போன் செய்தான். ஃபெர்னாந்து எடுத்தால், "உன்னை இல்ல, அவனைக் கூப்பிடு" என்பான். அவள் ரிசீவரைக் கணவரிடம் நீட்டிவிட்டுத் தன் பின்னல் வேலைக்குத் திரும்புவாள். அவர்கள் இருவரும் எதைப் பேசினார்கள் என்று அவள் கேட்டதில்லை. கேட்கவும் தேவையில்லை. ஓசியாஸின் குரல் அடுத்த அறை வரை கேட்கும்.