அவ வாயால சொல்லட்டும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதக் காலையில், மயிலாப்பூரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்கு இரண்டாவதும் பெண் பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அடுத்ததைப் பிறகு யோசிக்கலாம், இப்போதைக்குக் காப்பர் டி போட்டுக்கொள்கிறேன் என்றேன். கணவர் சரி என்றார்.  

ஜுரத்துக்குக்கூட அந்த ஆஸ்பத்திரியில் கால் வைக்காத மாமியார், அன்று காலையில் புடவை மாற்றிக்கொண்டு, "நானும் வரேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார். பேரன் ஆசை விடவில்லை, காரியத்தைக் கெடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் நர்ஸ் அவரை வெளியே இருக்கச் சொன்னார். அவர் காதில் விழாத மாதிரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

நர்ஸ் கை கழுவிக்கொண்டே, "ரெண்டு கொழந்த ஆயிடுச்சே, எதுக்கும்மா காப்பர் டி? ஆபரேஷனே பண்ணிக்கோ. அடுத்த வாரத்துக்கு எழுதிடறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுகிற ஆள் நான். ஆட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

"இரும்மா நர்ஸு. அவ இன்னாத்துக்கு வந்தான்னு அவ வாயால சொல்லட்டும்" என்றார் மாமியார். என்னைப் பார்த்து, "சொல்லு" என்றார்.

"காப்பர் டிதான்" என்றேன். நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அதைத்தான் போட்டார்.

திரும்பி வரும்போது நானே கேட்டேன், ஏன் அத்தை, நீங்களும் கூட வந்தீர்கள் என்று.

"உன் வூட்டுக்காரனை இங்கதான் வயித்தக் கிழிச்சு எடுத்தாங்க. அதோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிட்டாங்க. உன் மாமனாரு தலைய ஆட்டினாராம். என்னை ஒருத்தரும் கேக்கல. ரெண்டும் பையனாப் போச்சே, அடுத்தது பொண்ணாப் பொறக்கும்னு நான் பாட்டுக்குக் காத்துக்கினு இருந்தேன். ரொம்ப நாள் கழிச்சுதான் அந்த மனுசன் வாயத் தொறந்தாரு."

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.  

இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலும் எது, எதற்கு என்று கேட்காமல் ஒரு ஊசிக்குக்கூட நான் கையை நீட்டுவதில்லை. சந்தேகப் பிராணி என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும், அன்றைக்கு அத்தையை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எனக்கு ஒரு நாத்தனார் இருந்திருப்பாளோ என்னவோ.