நான் பார்க்காத தாய்

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் புதிதாக டாக்டர் போர்டு மாட்டியிருந்தேன். மனைவியைப் பிரிந்த நெசவாளர் ஒருவர் ஐந்து வயது மகளோடு வந்தார்.

“அவ அம்மாகிட்ட இருந்தா பிள்ள தூங்கவே மாட்டேங்குது. கோர்ட்டுக்கு ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க டாக்டர்.”

பிள்ளையின் கண்கள் குழி விழுந்திருந்தன. ‘தாயின் கவனிப்புக் குறைவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தத் தாயை நான் பார்த்ததுகூட இல்லை.

சாட்சி சொல்லப் போனபோதுதான் பார்த்தேன். பந்தல்குடியில் அண்ணன் வீட்டில் இருந்தவர். என்னைத் திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ நீதிபதியிடம் நிதானமாகச் சொன்னார்:

“பிள்ள தூங்கலங்கிறது நெசந்தாங்கய்யா. தறிக்குப் பக்கத்துல தொட்டில் கட்டி, அந்தச் சத்தத்துலயே வளந்த பிள்ள. எங்க அண்ணன் வீட்டுல தறி கிடையாது. அவுக அப்பா வீட்டுலன்னா தறிச் சத்தத்துல அசந்து தூங்கிரும்.”

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளை தகப்பனோடு போனது.

வெளியே, “என்னை மன்னிச்சிரும்மா” என்றேன்.

“ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருந்தீகன்னா, அன்னிக்கே சொல்லியிருப்பேனே டாக்டர்” என்றார்.

அதன்பிறகு கோர்ட்டுக்கு எழுதித் தரச்சொல்லி யார் வந்தாலும், பிள்ளையைப் பெற்றவர்களில் மற்றவரையும் கூட்டி வரச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. போகட்டும்.