பஸ் மாத்திரை

கொல்லிமலையில் பிறந்தவளுக்குக் கொல்லிமலை பஸ் ஆகாது என்றால் யாராவது நம்புவார்களா? சுகுணாவுக்கு ஆகாது. எழுபது கொண்டை ஊசி வளைவில் பத்தாவது வருவதற்குள் முகம் வெளுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னலில் சாய்ந்துவிடுவாள். வயது முப்பத்தெட்டு ஆகிறது, இன்னமும் கண்டக்டர் அவளைக் கண்டதும் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டுகிறார். இந்த லட்சணத்தில் அவளுக்கு வாய்த்த வேலையோ, வாரத்துக்கு ஒரு தடவை மலையிறங்கி ஏறுகிற வேலை.

மலையில் அவளை 'இரைப்புக்கார சுகுணா' என்பார்கள். பாவம், அவளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பானுமதி ஆஸ்துமாவில் ஆராய்ச்சி செய்துவருகிறார். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக்கும் அடங்காத, ஆளையே சாய்த்துவிடுகிற ஆஸ்துமா. அந்த ஆராய்ச்சிக்கு மலையில் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுத ஆள் தேவைப்பட்டது. பிளஸ் டூவும் நர்ஸ் உதவியாளர் படிப்பும் முடித்து, மலையின் வளப்பூர் நாட்டுப் பக்கம் யார் வீட்டுக்கு எந்தத் தடத்தில் போகலாம் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடிய சுகுணாவை விட்டால் வேறு யார்?

வேலையில் அவள் கெட்டி. படிவத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும். "மருந்தை உறிஞ்சச் சொன்னா, கோழிக்கா வெச்சிருக்கறீங்க?" என்று பெரியவர்களையே ஒரு பிடி பிடிப்பாள். ஊதிப் பார்க்கிற கருவி பையில் இருந்தாலும் அவளுக்குத் தன் சொந்த முறைதான் உசத்தி. ஒரே மூச்சில் வளைவை எண்ணச் சொல்வாள். ஒண்ணாம் வளைவு, ரெண்டாம் வளைவு என்று எத்தனை வரைக்கும் மூச்சு தாங்குகிறதோ, அதைத் தனியாக ஒரு நோட்டில் குறித்துவைப்பாள்.

டாக்டர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்களில் ஈசினோஃபில் என்று ஒரு வகை உண்டு. சிலருக்கு அது கண்டபடி பெருகி, மூச்சுக்குழாயையே வீங்கவைத்துவிடுகிறது. சுகுணா இதை மலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டாள். "காவலுக்கு வெச்ச நாயி ஊட்டுக்காரனையே கடிக்குதுங்க. அந்த நாயைக் கட்டிப்போட இப்ப ஒரு ஊசி வந்திருக்குது. மாசம் ஒண்ணு." ஆனால் ரத்தத்தில் அந்த அணு முந்நூறுக்கு மேல் இருந்தால்தான் ஆராய்ச்சியில் அந்த ஊசி கிடைக்கும்.

அந்த ஊசி யாருக்குக் கிடைக்காவிட்டாலும் வேலப்பனுக்குக் கிடைக்க வேண்டும் என்று சுகுணா வேண்டாத சாமியில்லை. மிளகுக்காரர், நாற்பத்தைந்து வயது. ஏணியில் மூன்று படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஆம்புலன்ஸில் அள்ளிப்போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாவது தடவை பாதி மலையிலேயே உதடு நீலமாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட மனுஷனின் ரத்தத்தில் அணு எவ்வளவு இருந்தது தெரியுமா? எண்பது. இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் ஆராய்ச்சி விதியில் இடம். அதிலும் குறைந்தால் கதவு சாத்தியாகிவிடும்.

அந்த இரண்டாவது சோதனைக்குத்தான் அன்று காலை வேலப்பனும் மனைவி பெருமாயியும் சுகுணாவோடு பஸ் ஏறினார்கள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் தன் மாத்திரை தீர்ந்துபோனது சுகுணாவுக்கு நினைவு வந்தது.

"ஏனுங்கக்கா, பஸ் மாத்திரை ஒண்ணு இருக்குதுங்களா?"

"இருக்குது சாமி. உனக்குமா இரைக்குது?" என்றபடி பெருமாயி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

இரைக்குதாவா? சுகுணா மாத்திரையை நாக்கில் வைத்தாள். கசப்பென்றால் கசப்பு, அப்படியொரு கசப்பு. வாந்தி மாத்திரை இப்படிக் கசக்காதே! கண்டக்டர் கொடுத்த பையில் துப்பிவிட்டு அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு. இதை விழுங்கினால் ரத்தத்தில் அந்த அணு சில மணி நேரத்திலேயே இறங்கிப் பதுங்கிவிடும் என்று வேலையில் சேர்ந்த முதல் வாரமே டாக்டர் அவளைப் பாடம்போல ஒப்பிக்க வைத்திருந்தார்.

"அக்கா, இது என்ன மாத்திரைங்க?"

"பஸ் மாத்திரைதான் கண்ணு. நாங்க சொல்லச் சொல்ல நீதான எழுதின."

எழுதினாள்தான். 'வேறு மாத்திரை ஏதும் உண்டா' என்ற கேள்விக்கு மலையில் எல்லாரும் "பஸ் மாத்திரைதானுங்க" என்றார்கள். அவளும் தன்னைப்போலத்தான் எல்லாரும் என்று, 'வாந்திக்கு' என்று முத்துமுத்தாக எழுதினாள். மலையில் பிறக்காத ஒருத்தியாக இருந்தால், அது என்ன பஸ் மாத்திரை என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

வேலப்பன் ரகசியம்போல மெல்லச் சொன்னார். "டாக்டரம்மா முன்னால இரைச்சுக்கிட்டுப் போயி நின்னா, அவங்க குடுத்த மருந்தைக் குத்தஞ் சொல்ற மாதிரி ஆயிருமுங்க அம்மிணி. பஸ்ஸுலயும் பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. அதான் பழைய மருந்துச் சீட்டைக் கடையில காட்டி வாங்கி வெச்சுக்கிட்டு, மொத நாளும் எறங்குற அன்னிக்கும் நாலு நாலு போட்டுக்குவேன்."

"நீங்க மட்டுமாங்கண்ணா?"

"இரைப்புக்காரங்க அத்தனை பேரும்தான். உங்க நோட்டுல இருக்கற அந்தப் பாப்பாயிதான் எனக்கே சொல்லுச்சு."

சுகுணா பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். வீட்டில் ஒன்பது வளைவுக்கு மேல் தாங்காத இதே வேலப்பன் கல்லூரியில் இருபத்தைந்து எண்ணியபோது, கீழ்க்காற்று ஒத்துக்கொள்கிறது போல என்று நோட்டில் எழுதிவைத்த புத்திசாலி அவள்! அன்றைக்கு எழுபது வளைவும் வந்துபோயின. வாந்தி எடுக்கக்கூட அவளுக்கு நினைப்பில்லை.

கல்லூரியில் டாக்டர் பானுமதி வாயெல்லாம் பல்லாக நின்றார். "வாங்க சுகுணா! உங்க மலை ஆஸ்துமா வேற ரகம். அறுபத்தோரு பேர், ஒருத்தருக்கும் அந்த அணு ஏறலை. அடுத்த மாசம் மாநாட்டுல சொல்லப்போறேன். எல்லாம் உங்க படிவத்தோட சுத்தம்தான்."

அந்தப் பக்கம் நர்ஸ் ஊசியும் குழாயுமாக வேலப்பனைக் கூப்பிட்டாள். சுகுணா குறுக்கே போய் நின்றாள். அவருக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் கூட்டிவருகிறேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால், மாத்திரை போடாமல் இன்னொரு நாள் வந்து வேலப்பனும் பிழைப்பார், அவள் வேலையும் பிழைக்கும். பாப்பாயிக்கு என்ன சொல்வது? மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் எந்தக் காய்ச்சலைச் சொல்வது?

"ரத்தம் எடுக்காதீங்க!" என்று கத்தியேவிட்டாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு வருஷம், சுகுணா," என்றார். படிவக்கட்டை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டினார். வாந்திக்கு, வாந்திக்கு, வாந்திக்கு. கடைசியில் வேலப்பனிடம் திரும்பினார்.

"என் மருந்து கேக்கலைன்னா என்கிட்டதானே சொல்லணும்?"

"எப்பிடீங்க சொல்றது? நீங்க அத்தன பிரியமாக் குடுத்தீங்க."

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "போச்சு என் மாநாடு," என்றார். "நல்லவேளை சொன்னீங்க சுகுணா. நான் பாட்டுக்குத் தப்பை மேடை ஏத்தியிருப்பேன். சரி, யாரையும் அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தச் சொல்லிடாதீங்க, அது ஆபத்து. தினமும் போடறவங்க யாரு, பஸ்ஸுக்கு மட்டும் போடறவங்க யாருன்னு முதல்ல கேட்டு வாங்க."

மறுபடி சோதிக்க அனுமதி கேட்டு டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் நகலைச் சுகுணா இரண்டு தடவை படித்தாள். மலையில் வழங்கும் சொல்லை விசாரிக்காமல் படிவம் தயாரித்தது என் பிழை என்று இருந்தது. சுகுணாவின் பெயர், பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இருந்தது.

அனுமதி கிடைத்து, அடுத்த மாதம் ரத்தம் எடுக்கிற நர்ஸை ஏற்றிக்கொண்டு ஜீப் மலையேறியது. இந்தத் தடவை யாரும் பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை, யாரும் டாக்டரம்மாவுக்காக நன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. வேலப்பன் தன் வாசலில் நன்றாக இரைத்துக்கொண்டே கையை நீட்டினார். அறுநூற்று நாற்பது! பாப்பாயி உட்பட முப்பத்தேழு பேர் முந்நூறைத் தாண்டினார்கள். புதிதாக அச்சடித்த படிவத்தில், 'பஸ் மாத்திரை போடுவீர்களா? வாந்திக்கா, இரைப்புக்கா?' என்று ஒரு கேள்வி ஏறியிருந்தது.

வேலப்பன் ஆறாவது ஊசி போட்டுக்கொண்டு பத்து நாள் கழித்து, சுகுணா வழக்கம்போல் போன் செய்தாள்.

"எண்ணுங்கண்ணா."

எண்ணினார். ஒன்பது தாண்டியது. இருபத்தைந்து தாண்டியது. நாற்பத்து நாலாம் வளைவில்தான் மூச்சு விட்டார். சுகுணாவுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க. மாத்திரை போட்டீங்களா?"

"அட, இல்லீங்க அம்மிணி. மரத்து மேல இருக்கறேன். மிளகு பறிச்சுக்கிட்டு."

"மரத்துலயா? ஆருங்க ஏறச் சொன்னது? மொதல்ல எறங்குங்க!" என்று கத்தினாள் சுகுணா. கத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் நாற்பத்து நாலு என்று எழுதினாள். எழுத்து கோணிப்போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டாள்.