கடலைக்கொல்லையும் ஏர் ஃபில்டரும்

மெக்கானிக் தொழில்ல செத்த எஞ்சினைக்கூட எழுப்பிடலாம், ஆனா ஏர் ஃபில்டர் எதுக்குன்னு வண்டிக்காரருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள நமக்கு மூச்சு நின்னுடும். நீங்க ஸ்பேனர் புடிச்சவரா இருக்கணும்னு இல்ல. டாக்டரோ டீச்சரோ, தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லியும் கேக்காத ஆள் ஒருத்தர்கிட்ட மாட்டியிருந்தா நீங்களும் நம்ம கட்சிதான். வாங்க, சேந்து தலையில அடிச்சுக்கலாம்.

எனக்குத் திருவண்ணாமலைய ஒட்டின வேங்கிக்கால்ல டூவீலர் ஒர்க்‌ஷாப். பக்கத்து ஷெட்ல ஜாகீர் பாய் இரும்பு கடையற லேத் மெஷின் போட்டிருக்கார். எனக்குன்னு வந்து வாய்ச்ச ஆள் பேரு ஏழுமலை.

கடைசி தடவை

ஏழுமலைக்கு அடி அண்ணாமலையில கடலைக்கொல்லை. மழையை நம்பி, பன்னியை வெரட்டி, விக்கற வெலையைப் பாத்து நொந்துபோய், ஒருநாள் அந்தக் கொல்லையை ரோலர் விட்டு அழுத்திட்டார். மேடும் பள்ளமுமா தடம் போட்டு, பெங்களூர்லருந்து ஒரு பழைய ஸ்போர்ட் ஏடிவி வாங்கிட்டு வந்தார். ஏடிவின்னா தெரியும்ல? நாலு குண்டு டயரு, பைக் மாதிரி ஹேண்டில் பாரு, மண்ணுல பாயற வண்டி. கோயிலுக்கு வர்றவங்க, லீவு விட்ட காலேஜ் பசங்க எல்லாம் காசு குடுத்து ரெண்டு ரவுண்டு ஓட்டுவாங்க. ஏழுமலை, அவர் சம்சாரம் உமா, படிக்கற ரெண்டு பொண்ணுங்க, அத்தனை பேர் சோறும் அந்த ஒரு வண்டிதான்.

வாங்கி கொஞ்ச நாள்லயே வண்டி குபுகுபுன்னு புகை கக்கிக்கிட்டு என்கிட்ட வந்துச்சு. பிரிச்சா, எஞ்சின் இழுக்கற காத்துல தூசியை வடிகட்டற ஏர் ஃபில்டர் நைஞ்சு போய், கொல்லை செம்மண்ணு உள்ள பூந்து சிலிண்டரைத் தேய்ச்சு வெச்சிருக்குது. அந்த மாடலையே நிறுத்திட்டாங்க, புது சிலிண்டர் எங்கயும் கெடைக்கல. ஜாகீர் பாய்தான் பழசையே கடைஞ்சு, பெரிய சைஸ் பிஸ்டன் ஒண்ணைத் தேடிப் புடிச்சுப் போட்டு உசுரு குடுத்தார். வண்டியை ஒப்படைக்கறப்ப பாய் ஏழுமலையோட கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னார்: "இதான் கடைசி தடவை. மறுபடியும் மண்ணு தின்னுச்சுன்னா கடையறதுக்கு இதுல சதை இல்ல, பாத்துக்க."

ரோடு வரைக்கும்

ஒரு வாரம் ஆகல, ஏழுமலை வந்தார். "ஏர் ஃபில்டரை நல்லதா மாத்திடலாம்ங்க"ன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கல. இத்தனை வருஷத்துல எந்தக் கஸ்டமரும் தானா வந்து ஃபில்டர் மாத்துன்னு சொன்னதே இல்ல. டீயெல்லாம் வாங்கிக் குடுத்தேன்.

டீயைக் குடிச்சுட்டு மெதுவா ஃபோனை எடுத்துக் காட்டினார். எவனோ ஒருத்தன் ஃபில்டர் பாக்ஸையே கழட்டி வீசிட்டு, பளபளன்னு ஒரு கூம்பு ஃபில்டரை வெட்டவெளியில மாட்டி, உர்ருன்னு உறுமிக்கிட்டுப் போறான். ஐயா சாமி, அவன் ஓட்டறது சுத்தமான ரோட்டுல, நீங்க ஓட்டறது புழுதிக் கொல்லையில, பாய் சொன்னது அதுக்குள்ள மறந்துடுச்சான்னு கத்தினேன். ஏழுமலை கோவிச்சுக்கவே இல்ல. எனக்குத்தான் வியாபாரம் தெரியலன்ற மாதிரி பொறுமையா சொன்னார்: "தூசி யார் கண்ணுக்குங்க தெரியப் போவுது? சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும்."

கலெக்டர் ஆபீஸ்காரர்

போராடி என் வழிக்குக் கொண்டுவந்தேன். ரெண்டு அடுக்கு ஃபோம் ஃபில்டர் வரவழைச்சேன். பாக்ஸுக்குச் சந்து இல்லாம ரப்பர் வெச்சேன். சக்கரம் கெளப்பற புழுதி எட்டாத மாதிரி காத்து இழுக்கற குழாயை ஹேண்டில் பார் உசரத்துக்குத் தூக்கிவிட்டேன். காத்து ஜாஸ்தியா வருதுன்னு கார்புரேட்டர்ல பெட்ரோல் விடற ஜெட்டையும் மாத்தினேன். நானே ஓட்டிப் பாத்தேன், சத்தமில்லாம, தொட்டா பாயுது. பெருமையா இருந்துச்சுங்க, பொய் சொல்லல.

மொத சவாரிக்கு கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாக்கற ஒருத்தர் குடும்பத்தோட வந்தார். நானும் ஏழுமலையும் ஓரமா நின்னு பாக்கறோம். மனுஷன் ரெண்டு ரவுண்டு அடிச்சுட்டு எறங்கி, வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இது பேட்டரி வண்டியா?"

சுத்தமான எண்ணெய்

அன்னைக்கே ஏழுமலை சத்தத்துக்காக பாக்ஸ் மூடியைக் கழட்டிட்டார். நான் போய் கத்திக் கூப்பாடு போட்டு மறுபடி மாட்டினேன். இவர்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்லன்னு, ஃபில்டர் பொறுப்பை உமாகிட்டக் குடுத்தேன். அந்தம்மா சொன்னா சொன்னபடி செய்யும். மண்ணெண்ணெயில அலசணும், சோப்புத் தண்ணியில கழுவணும், முறுக்கக் கூடாது, நெழல்ல காயப் போடணும், பொட்டு ஈரம் இருந்தாலும் மாட்டக் கூடாது, காஞ்சதும் இந்த எண்ணெயைத் தடவணும்னு பாட்டில் ஒண்ணும் குடுத்துட்டு வந்தேன். அந்தப் பிசுக்குலதான் தூசி ஒட்டி நிக்கும்னும் சொன்னேன்.

அப்புறம் ஒருநாள் வண்டி மூச்சு முட்டுதுன்னு கொண்டுவந்தாங்க. பாக்ஸைத் தெறந்தேன். உள்ள ஃபில்டர் தெரியல, எறும்புதான் தெரிஞ்சுது. செவப்பு எறும்பு, குடும்பம் குட்டியோட. பாட்டில் எண்ணெய் தீந்துபோச்சாம், வீட்டு எண்ணெயைத் தடவிட்டாங்களாம். எனக்கு வந்த கோவத்துக்கு என்னென்னவோ வாயில வந்துச்சு. உமா முகத்தைப் பாத்ததும் எல்லாத்தையும் முழுங்கிட்டேன். அவ்வளவு ஆசையா சொல்லுச்சு: "கடை எண்ணெய் இல்லண்ணா, நம்ம கொல்லையில வெளஞ்ச கடைசிக் கடலையை ஆட்டினது, சுத்தமா இருக்கும்."

ஆயுத பூஜை

நான் தூக்கிவிட்ட குழாய் ஹேண்டில் பார் பக்கத்துல நிமிந்து நின்னுச்சா, ஆயுத பூஜைக்கு அலங்காரம் பூரா அதுக்குத்தான். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, பூஜை முடியறப்ப வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை முறுக்கச் சொல்லியிருக்காங்க. எலுமிச்சம்பழம் நசுங்கற நேரத்துல ஏழுமலை ரெண்டு கை நெறைய விபூதியை வாரி வண்டி மேல தூவியிருக்கார். குழாய் சும்மா விடுமா? மொத்தத்தையும் இழுத்துடுச்சு.

ஃபோமைப் பிழிஞ்சா வெள்ளையா பால் மாதிரி வடியுது. நல்லவேளை, அதைத் தாண்டி உள்ள போகல. இன்னா மனுஷன்யா நீ, எஞ்சினைக் கொல்லணும்னே கங்கணம் கட்டிக்கினு இருக்கியான்னு கேட்டே கேட்டுட்டேன். ஏழுமலை காதுல விழுந்த மாதிரியே தெரியல. கண்ணை மூடி மலைப் பக்கம் ஒரு கும்புடு போட்டுட்டுச் சொன்னார்: "அண்ணாமலையார் விபூதி உள்ள போனா எஞ்சினுக்கு நல்லதுதானுங்களே?"

பௌர்ணமி

அடுத்து ஒரு பௌர்ணமி, ஞாயித்துக்கெழமையில வந்துச்சு. கூட்டம்னா கூட்டம், ரோட்டுல எள்ளு போட எடமில்ல. நானும் கிரிவலம் நடந்துக்கினு சாயங்காலமா அடி அண்ணாமலை கிட்ட வர்றேன், கொல்லைப் பக்கமிருந்து ஒரு உறுமல். ஏழுமலை ஆசைப்பட்ட அதே உறுமல். ரோடு வரைக்கும் கேக்குது. வெறுங்காலோட கொல்லைக்கு ஓடினேன்.

புழுதி மண்டிக்கிட்டு இருக்கு. காலையிலருந்து ஜனம் வரிசையில நிக்குது. ஏழுமலை முகத்துல அப்படி ஒரு சிரிப்பு, அவரை நான் அப்படிப் பாத்ததே இல்ல. வண்டியை நிறுத்தி பாக்ஸைத் தெறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. ஃபில்டர் எங்கன்னு கேட்டேன். உமா கையைக் காட்டுச்சு. வீட்டு நெழல்ல, துணி காயற கொடியில, பொண்ணுங்க பாவாடைக்கும் துண்டுக்கும் நடுவுல கிளிப் போட்டு அழகா தொங்குது. அவ்வளவு சுத்தமா கழுவி, முறுக்காம, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. ஃபில்டர் இல்லாம காலையிலருந்து ஓட்டிக்கிட்டு இருக்கீங்களேன்னு கத்தினேன். எதுக்குக் கத்தறேன்னே உமாவுக்குப் புரியல, பாவம். "நீங்கதானேண்ணா சொன்னீங்க, நல்லா காயற வரைக்கும் மாட்டக் கூடாதுன்னு?"

கொல்லை மண்ணு

மறுநாளே வண்டி புகையில மூழ்கி, அப்புறம் ஒரேயடியா நின்னுடுச்சு. ஷெட்ல வெச்சுப் பிரிச்சோம். ஜாகீர் பாய் சிலிண்டருக்குள்ள வெரலை விட்டுத் தடவினார். கைத்துணியை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு அவர் லேத் பக்கம் போய் உக்காந்துட்டார். அவர் எப்பவும் ஏதாவது திட்டுவார். அன்னைக்குத் திட்டியிருந்தா எனக்குத் தேவலாம்னு இருந்துச்சு.

ஏழுமலை ஸ்டூல்ல உக்காந்து பிரிச்சுப்போட்ட பார்ட்ஸையே பாத்துக்கிட்டு இருந்தார். வேற வண்டி வாங்க வழி இல்ல. கொல்லையோ ரோலர் விட்ட கொல்லை, ஏர் பூட்டி உழுதாலும் கொழு மண்ணுல எறங்காது. உமா காஞ்ச ஃபில்டரைப் பேப்பர்ல சுத்திக் குடுத்து அனுப்பியிருந்துச்சு, மாட்டறப்ப தேவைப்படும்னு. ஏழுமலை பக்கம் திரும்பினேன். நல்லதோ கெட்டதோ ஏதாவது பேசுங்கன்னேன். அவர் எழுந்து வந்து, சிலிண்டர் ஓரத்துல படிஞ்சிருந்த செவப்பு மண்ணை வெரலால தொட்டெடுத்து, கட்டை வெரல்ல வெச்சு நசுக்கிப் பாத்தார். "இந்த மண்ணுல கடலை நல்லா வெளையுங்க."

அந்த ஃபில்டர் இப்பவும் என் ஷெட்டுச் சுவத்துல ஆணியில தொங்குது, பொட்டுத் தூசி இல்லாத சாமான்னு எங்க ஷெட்ல காட்டணும்னா அது ஒண்ணுதான் இருக்குது.